பொங்காத கல்லோடு பட்ட பாடு

கடப்பா படிவுப்பாறைத் தொடரை அடியிலிருந்து மேலாக வரைந்துகொண்டிருக்கிறேன். போன பயணத்தில் கருங்கல் அடித்தளமும் அதன்மேல் குல்செரு குவார்ட்சைட்டும் (மணல் இறுகிக் கெட்டியான பாறை) முடிந்தன. அங்கே குழப்பமில்லை. தார்வார் கிரேட்டான் என்னும் பழமையான நிலப்பாளத்தின் தேய்ந்த தரைமேல் முதலில் வந்து தங்கிய சரளை, கூழாங்கல் கூழாங்கல்லாகக் கண்ணுக்கே தெரிகிறது.

அதற்கு மேலே உள்ள வேம்பல்லி அடுக்கில்தான் சறுக்கினேன். சாம்பல் நிறக் கல். சுண்ணாம்புக்கல் என்று நினைத்து, உதிர்ந்து கிடந்த துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக்கல் என்றால் பொங்க வேண்டும்; பொங்கவில்லை. இன்னொரு சொட்டு, பச்சைத் தண்ணீர் போலக் கிடந்தது. ‘இறுகிய சேறு’ என்று குறிப்பேட்டில் எழுதி, மேலே இருந்த நான்கு அடுக்குகளுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

படங்களைப் பார்த்தபோது உறுத்தியது. முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டியது போல வளையம் வளையமாகக் குமிழ்கள்: ஸ்ட்ரோமட்டோலைட். ஆழமில்லாத கடலில் நுண்ணுயிர்ப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்த தடம். அது வெறும் சேற்றுப்பாறையாக இருக்குமா? துண்டை உரலில் இட்டு இடித்து, பொடிமேல் அமிலம் விட்டேன். சோம்பலாக நுரைத்தது. டோலமைட்! கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். முழுக்கல்லாக இருக்கும்வரை நீர்த்த அமிலத்துக்கு எளிதில் அசைந்து கொடுக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் மிஞ்சியிருந்த கடப்பா கல் துண்டில் விட்டேன். சொட்டு விழுந்ததும் சீறியது. அந்தக் கல் மேலே வெகு பிந்திப் படிந்த கர்னூல் தொகுதியின் நார்ஜி சுண்ணாம்புக்கல் வகை. சமையல் மேடையில் எலுமிச்சம்பழம் நறுக்கிய இடம் வெளுத்துப்போவதும் இதனால்தான் என்று அம்மாவிடம் விளக்கினேன். “சரி, இனி நீயே துடை” என்றார்.

வயதுக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேம்பல்லிக்கு மேலே இருக்கும் தாடிபத்ரி அடுக்குகளுக்குள் எரிமலைக்குழம்பு புகுந்து உறைந்த பாளம் ஒன்று புலிவெந்துலா பக்கம் இருக்கிறது. அதன் வயது சுமார் 189 கோடி ஆண்டு. புகுந்தது பிந்தியது, புகவிட்டது மூத்தது. அதற்கும் அடியில் கிடப்பது என் டோலமைட். 1872இல் நிலவியலாளர் வில்லியம் கிங் இந்தத் தொடரைப் பற்றி எழுதியபோது இந்த எண் எதுவும் கிடையாது. எது மேலே, எது கீழே என்பதை வைத்தே வரிசைப்படுத்தினார்.

நான்கு அடுக்குகளில் இரண்டுக்குத்தான் கையில் துண்டு இருக்கிறது. இரண்டும் பொடித்ததும் நுரைத்தன. மற்ற இரண்டின் பெயரை அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். வெயில் தணிந்ததும், இம்முறை சிறிய உரலோடு, போக வேண்டும்.