பொருளில்லாமல் பிறந்த ஒரு குறி

யாழ்ப்பாணத்தில் நகைக்கடை முதல் கணினிக் கல்வி நிலையம் வரை, இலச்சினை கேட்டு வருவோரில் பலர் பனையையோ நல்லூர்க் கோபுரத்தையோதான் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்க மெய்யியலாளர் சார்ள்ஸ் பேர்ஸ் குறிகளை உருவொப்பு (பொருளைப் போலவே தோன்றுவது), சுட்டு (பொருளோடுள்ள நேரடித் தொடர்பால் அதைக் காட்டுவது), மரபு (பழக்கத்தால் மட்டுமே பொருள் பெறுவது) என மூன்றாகப் பிரித்தார். அந்த வகையில் பார்த்தால், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் வாக்குச்சீட்டில் எவருக்கும் குடியிருப்பை நினைவூட்டாதது போலவே, பனையும் மரத்தைக் குறிக்காமல் ‘நாங்கள் இவ்வூரார்’ என்று சொல்லும் மரபுக் குறியாகிவிட்டது. எல்லோரும் இட்டுக்கொண்ட பின்னர் அது எவரையும் வேறுபடுத்துவதும் இல்லை.

இதற்கு நேர்மாறானது, வைத்தியசாலைக் கழிவுத் தொட்டிகளில் நாம் காணும் உயிரியல் அபாயக் குறி. 1966 இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்ள்ஸ் பால்ட்வினும் உடன் பணியாற்றியோரும் அதை உருவாக்கியபோது, பார்த்தவுடன் மனத்தில் பதியவேண்டும், ஆனால் முன்னரே எந்தப் பொருளும் அதில் ஏறியிருக்கக்கூடாது என்பதையே நிபந்தனையாகக் கொண்டு, பல வடிவங்களை மக்களிடம் காட்டிச் சோதித்தனர். (நம்மூரில் இப்படிச் சோதிக்க எந்த முதலாளி பணம் தருவார்?) முகமாலைப் பக்கத்துக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையிலுள்ள மண்டையோட்டைச் சிறு பிள்ளையும் ஊகித்துவிடும், இதையோ ஒருவர் கற்பித்தாலன்றி அறிய இயலாது. ஆயினும் மூன்று பக்கச் சமச்சீர் இருப்பதால், பெட்டி எப்படிக் கவிழ்ந்து கிடந்தாலும் கற்றவர் கண்ணுக்கு அது தப்பாது.