சாயங்காலம் இறங்கும் இமை

எங்கள் பக்கம் நரம்பு டாக்டரிடம் வருகிறவர்கள் நோயைத் தொழிலோடு சேர்த்தேதான் கொண்டுவருவார்கள். மஞ்சள் வெட்டு முடிந்த கையோடு, பாதம் தூக்க முடியாமல் செருப்பு தரையில் உரச ஒருவர் வருவார். மணிக்கணக்காகக் குத்தவைத்து உட்கார்ந்து கிழங்கு பொறுக்கியதில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருக்கும். ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறுகிற திருப்பூர் டெய்லருக்கு மணிக்கட்டில் நெருக்கம். என்ன வேலை என்று கேட்டாலே இவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். தொந்தரவு எத்தனை மணிக்கு வருகிறது என்பதைக் காதில் வாங்காமல் விட்டு, ஒரு அம்மாவை மூன்று மாதம் அலையவிட்டிருக்கிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, முப்பத்தைந்து வயது. காலை முதல் பஸ் பிடித்து வந்து ஒன்பது மணிக்கே என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "மத்தியானத்துக்கு மேல கண்ணைத் தொறக்க முடியலீங்க டாக்டர். கையும் ஓய்ஞ்சு போயிருதுங்க" என்றார். சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனும் சுத்தம். தூக்கம் போதவில்லை, மனசையும் போட்டு உழப்பிக்கொள்கிறார் என்று சொல்லி சத்து மாத்திரை எழுதினேன். அவர் வீட்டுக்காரர் செல்போனை எடுத்து, "சாயங்காலம் எடுத்த போட்டோ இருக்குதுங்க" என்றார். வெளியே கூட்டம். நான் பார்க்கவில்லை.

அடுத்த முறை பஸ் தாமதமாகி, வரிசையில் கடைசி ஆளாக ஆறரை மணிக்கு உள்ளே வந்தார். வலது இமை கருவிழியைப் பாதி மூடியிருந்தது. ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணச் சொன்னேன். முப்பதைத் தாண்டும்போது குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. தோசையைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடுகிறது என்றார். கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, கர்ச்சீப்பில் சுற்றி மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தேன். எடுத்ததும் இமை மேலே ஏறி, கருவிழி முழுசாகத் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் தசையில் போய் உட்கார வேண்டிய இடங்களை, உடம்பின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே (ஆன்டிபாடி) மறித்துவிடுகின்றன. ஓய்வெடுத்த தசை சமாளித்துக்கொள்ளும். உழைக்க உழைக்கத் தளரும். காலையில் வந்தால் நோய் ஒளிந்துகொள்வது அதனால்தான். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினை உடைக்கும் என்சைம் மந்தமாவதால் ஐஸ் கைகொடுக்கிறது. மறுநாள் நரம்பை விநாடிக்கு மூன்று முறை தூண்டிப் பார்த்தோம். தசையில் பதிவாகும் முதல் அலையைவிட நான்காவது பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும். இவருக்குக் கால்வாசிக்கு மேல் குறைந்தது. ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சு சிடி எடுத்தோம், இல்லை.

அந்த என்சைமைத் தடுக்கும் மருந்துதான் முதல் சிகிச்சை. 1934-ல் மேரி வாக்கர் என்ற பிரிட்டிஷ் டாக்டர், இந்த நோய், தசைகளை முடக்கும் கியூரேர் விஷம் ஏறியதுபோல இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கான முறிவு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வழியில் வந்த பிரிடோஸ்டிக்மினைத்தான் இன்றும் எழுதுகிறோம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னேன், மெல்லவும் விழுங்கவும் தெம்பு இருக்கட்டும் என்று. அப்புறம் ஸ்டீராய்டு, சின்ன அளவில் தொடங்கி.

ஒரு பயம் மட்டும் போகவில்லை. காய்ச்சல், சளி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால், சில ஆன்டிபயாட்டிக்குகள் இவருக்கு மூச்சையே இழுத்துவிடும். அந்த மருந்துகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி, மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று அடியில் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த தடவை வந்தபோது அதை லேமினேட் செய்து, பர்ஸில் இஎஸ்ஐ கார்டோடு வைத்திருந்தார். "இன்னொண்ணு கம்பெனில சூப்பர்வைசர்கிட்டக் குடுத்திருக்கறனுங்க" என்றார்.