ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கும் மழைக்கால ஏற்பாடு வேண்டும்

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் எங்கள் படகு செப்டெம்பர் முடியும் வரை கரையில்தான் இருக்கும். இந்த ஆண்டு மழைக்கு முன்பே அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போனது. "ஓடாத எஞ்சினுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு வேலை, சாக்கைப் போட்டு மூடுங்க" என்றான் தம்பி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடுகின்ற எஞ்சின் பெற்றோலில் கலந்த ஒயிலைத் தானே உள்ளெங்கும் பூசிக்கொள்கிறது. ஓடாத எஞ்சினுக்கு அதை நாம்தான் கையால் செய்ய வேண்டும்.

எஞ்சினை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே உள்ளே தேங்கிய நீர் உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு என்றாலும் கிரெகரி வாவி உறைவதில்லை. வட்டவளையின் அடைமழையை அறிந்த நமக்கு எதிரி ஈரமும் துருவும்தான்.

முதலில் தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எழும் அமுக்கத்தை அளந்துவிட வேண்டும். சிலிண்டருக்குள் ஒயில் விட்ட பிறகு அளந்தால், அந்த ஒயில் பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைத்துக்கொண்டு, தேய்ந்த எஞ்சினையும் நல்ல எஞ்சினாகக் காட்டிவிடும். எங்களுடையதில் அமுக்கம் சரியாக இருந்தது, தீப்பொறியும் நீலமாக வந்தது, ஆனால் பிளக்கின் முனை காய்ந்திருந்தது. அதாவது பெற்றோல் மேலே வரவில்லை. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பெற்றோலோடு சேராத நீர்த்துளிகள் உருண்டன, பெற்றோல் வரும் ஜெட்டின் நுண்துளையில் மஞ்சள் பிசின் ஒட்டியிருந்தது. கிண்ணத்தையும் குழாயையும் தாங்கியையும் முழுவதுமாக வடித்துவிட்டோம்.

பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, பறப்புச் சில்லைக் (flywheel) கையால் மெதுவாகச் சுற்றினோம். அது வழக்கமாகச் சுழலும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நீர்ப் பம்பின் இறப்பர் இதழ்கள் மடங்கிப் பழுதாகலாம்.

கியர் ஒயிலை மாற்றுவதை எக்காரணம் கொண்டும் பின்போடக் கூடாது. கீழ்த்திருகாணியைக் கழற்றியதும் பால் கலந்த தேநீர் போல வெளுத்து வடிந்தது. நீரைத் தடுக்கும் சீல் வழியாக நீர் புகுந்ததற்கு அதுவே அடையாளம். அப்படியே விட்டிருந்தால் மழை முடிவதற்குள் பேரிங்குகள் துருவேறியிருக்கும். புதிய ஒயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும் வரை நிரப்பினோம். சீலைக் கராஜ் பாஸிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

நன்னீர் என்பதால் உப்பைக் கழுவும் வேலை இல்லை. எஞ்சினைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்தினால் மிஞ்சிய நீர் தானே வடிந்துவிடும். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும் என்பதால், காற்றுப் புகும்படி தார்ப்பாயைத் தளர்த்திப் போட்டிருக்கிறோம். காபரேட்டர் மட்டும் இப்போது வீட்டு மேசையில் இருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று தம்பியிடம் சொல்லி, காபரேட்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்திருக்கிறேன்.