விற்பனை நேர்காணலில் நான் கேட்காமல் விட்டவை

2022 ஆகஸ்டில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் விற்பனைப் பதவிக்காக ஐந்து சுற்று நேர்காணலைச் சந்தித்தேன். முதல் சுற்று போனிலும் மற்ற நான்கும் காணொளியிலும் நடந்ததால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தபடியே அனைத்தையும் முடித்துவிட்டேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் வண்ணார்பேட்டையில் ஒரு பம்புசெட் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று அந்தப் பக்கத்தில் நான் மோட்டார் விற்காத ஊர் குறைவு.

முதல் சுற்றில் சொல்ல அதிகமில்லை. சம்பளம் எவ்வளவு, எப்போது சேர முடியும் என்று மனிதவளப் பிரிவிலிருந்து கேட்டார்கள். இரண்டாவது சுற்றில் மேலாளர் நேரடியாகக் கணக்குக்கு வந்தார். சென்ற ஆண்டு உங்களுக்கு வைத்த இலக்கு என்ன, அதில் எட்டியது எவ்வளவு, எட்டாத மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசுவது முறையல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள், 'நாங்கள் விற்றோம்' என்று சொல்வார்களே தவிர, 'நான் இத்தனை விற்றேன்' என்று சொல்ல நா எழாது. நல்லவேளையாக என்னிடம் டைரி இருந்தது. பிசானப் பருவ நெல் அறுவடைப் பணம் கைக்கு வருவதும் வாய்க்காலில் தண்ணீர் குறைவதும் ஏறத்தாழ ஒரே சமயம் என்பதால் மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களில்தான் எங்களுக்கு வியாபாரம் என்றும், ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் பருவ நெல் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் மோட்டார் கேட்டு ஆள் வருவது அரிது என்றும், மாதவாரியான எண்ணிக்கையோடு விளக்கினேன். அவர் கணினியில் குறித்துக்கொண்டே கேட்டார். அன்று என் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாவது சுற்றில் அந்த நம்பிக்கை போயிற்று. நேர்காணல் செய்தவர் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவராக நடிப்பார். நான் அவருக்கு மேகச் சேமிப்பு (கிளவுட்) வசதியை, அதாவது தகவல்களை இணையம் வழியே வேறிடத்துக் கணினிகளில் சேமித்து வைக்கும் சேவையை விற்க வேண்டும். ஒரு வாரமாக அந்தச் சேவையைப் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த அனைத்தையும் பதினொரு நிமிடம் நிறுத்தாமல் கொட்டினேன். அவர் இடைமறிக்கவே இல்லை. நான் முடித்த பிறகு, 'என் மருத்துவமனையில் இப்போது என்ன சிரமம் என்று நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லையே' என்று அமைதியாகச் சொன்னார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் கடை முதலாளி அண்ணாச்சிதான். கடைக்கு ஒரு விவசாயி வந்தால் அவர் மோட்டாரைத் தொட்டுக்கூடக் காட்ட மாட்டார். டீ சொல்லிவிட்டு, 'கெணறு எத்தன அடி, தண்ணி எத்தன மணி நேரம் நிக்கி?' என்று தொடங்குவார். அடுத்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டில் அப்பா சொன்னால்தானா, அண்ணன் சொன்னால்தானா என்பார். பிறகு சொசைட்டிக் கடன் உண்டா, கைப்பணமா என்பார். கடைசியாக அறுப்பு எப்போது என்பார். டீ ஆறுவதற்குள் அந்த ஆள் வாங்குவாரா, எப்போது வாங்குவார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தேவை, முடிவெடுக்கும் ஆள், பணம், காலம் என்ற இந்த நான்கையும் ஐபிஎம் நிறுவனத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் 'பேன்ட்' (BANT) என்ற விற்பனை முறை எடுத்துரைக்கிறது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ஆறு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்த வித்தையை, ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற பதற்றத்தில் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அப்படியும் நான்காவது சுற்றுக்கு அழைத்தார்கள். முதல் தொண்ணூறு நாட்களில் என்ன செய்வேன் என்று திட்டம் தயாரித்துக் காட்டினேன். ஐந்தாவது சுற்றில் ஓர் இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஆறு வாரங்களில் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியும் பதில் வரவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் ஆள் எடுப்பதைக் குறைத்தன, சில அடியோடு நிறுத்தின. அந்தப் பதவியும் அப்படி நிறுத்தப்பட்டிருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஐந்து சுற்று பேச வைத்தவருக்கு, 'இப்போது இடமில்லை' என்று ஒரு வரி எழுதாமல் விடுவது தவறு என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. வாங்காமல் திரும்பும் விவசாயியைக்கூட எங்கள் கடையில் வாசல் வரை வந்து வழியனுப்புவோம்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அமேசானில் ஒரு விற்பனைப் பதவிக்கு விண்ணப்பித்துவிட்டு என்னிடம் வந்தாள். அந்த நிறுவனம் தன் ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் பதினாறு தலைமைப் பண்புகளை வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு பண்புக்கும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை, சூழல், பொறுப்பு, செய்த செயல், கிடைத்த பலன் என்ற வரிசையில் எழுதி வரச் சொன்னேன். கல்லூரி விழாவுக்கு டவுன் கடைகளில் ஏறி இறங்கி நன்கொடை திரட்டியதை அவள் ஒரு வரியில் எழுதியிருந்தாள். எத்தனை கடை ஏறினாய், எத்தனை பேர் மறுத்தார்கள், மறுத்தவரிடம் மறுபடி போனாயா என்று கேட்கக் கேட்க அது ஒன்றரைப் பக்கமாக வளர்ந்தது.

சம்பளத்தைப் பற்றியும் பேசினோம். விற்பனைப் பதவிகளில் சொல்லப்படும் மொத்தத் தொகை முழுவதும் மாதாமாதம் வருவதில்லை. ஒரு பகுதி நிலையானது, மறு பகுதி இலக்கை எட்டினால்தான் கிடைக்கும். பாதிக்குப் பாதியாகப் பிரிப்பதும் உண்டு, எழுபதுக்கு முப்பதாகப் பிரிப்பதும் உண்டு. எனவே அந்தக் குழுவில் சென்ற ஆண்டு எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்று கேட்டுவிடச் சொன்னேன். 'கேட்டா தப்பா நெனைப்பாங்களோ அண்ணே?' என்றாள். தப்பாக நினைக்க மாட்டார்கள், கேட்காத ஆளைத்தான் விற்பனைக்கு லாயக்கில்லை என்று எண்ணுவார்கள் என்றேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். நான் களக்காட்டு வாழை விவசாயி, அவள் மோட்டார் விற்க வந்தவள். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'அண்ணாச்சி, இப்ப வாழைக்குத் தண்ணி எங்கருந்து பாய்ச்சுதீங்க?' என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.