'ஜீ' என்றால் 'உடைய' மட்டும் அல்ல: செவ்வியல் சீனத் தாள் எழுதுவோருக்கு

செவ்வியல் சீனத் தேர்வு முடிவு வந்துவிட்டது, பாரம் இறங்கிவிட்டது. சூடு ஆறுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளில் மதிப்பெண் கசிவது அருஞ்சொற்களில் அல்ல, மூன்றே கீற்றில் எழுதும் 'ஜீ' (之) என்ற சிறு சொல்லில். சீனப் பள்ளிகள் உருப்போட வைக்கும் 18 இலக்கணத் துணைச்சொற்களில் இதுவும் ஒன்று. பொருள் பட்டியலை நெட்டுருப் போட்டுப் பயனில்லை. இடமும் வலமும் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

வலப்பக்கம் ஊர்ப்பெயரா? முதலில் 'போ' என்று வைத்துப் பாருங்கள். எலும்பெழுத்தில் (எலும்பிலும் ஆமையோட்டிலும் செதுக்கிய பழைய சீன எழுத்து) இது ஒரு கோட்டின் மேல் நிற்கும் பாதம். 'வூ யூ ஜீ நான்ஹாய்' என்றால் 'தென்கடலுக்குப் போக விரும்புகிறேன்'. இது எளிது. லி பாய் கவிதைத் தலைப்பில் 'சோங் மங் ஹாவ்ரான் ஜீ குவாங்லிங்' என்று வரும்போதுதான் சறுக்கல். ஆள்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் நடுவே ஜீ நிற்பதால் 'மங் ஹாவ்ரானுடைய குவாங்லிங்' என்று கை எழுதிவிடும். குவாங்லிங் போகிறவரை வழியனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

முன்னால் வினை, பின்னால் ஒன்றுமில்லை என்றால் 'அதை'. கன்பூசியஸின் 'ஷுவே அர் ஷர் ஷி ஜீ' அப்படித்தான்: கற்று, உரிய காலத்தில் அதைப் பயிலுதல். ஆனால் 'ஜியூ ஜீ' (நெடுநேரம் கழித்து) எதையும் சுட்டாது. அங்கே ஜீ நம் அசைநிலை மாதிரி. மறுப்புச் சொல் வந்தால் 'அதை' வினைக்கு முன்னே தாவும்: கன்பூசியஸ் வழிச் சிந்தனையாளர் மென்சியஸின் 'வெய் ஜீ யோவ் யே', அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

அதிகம் பேர் விழும் குழி வேறு. தாங் காலத்து எழுத்தாளர் ஹான் யூ (768–824) எழுதிய 'ஷர் தாவ் ஜீ பூ ச்சுவான் யே ஜியூ யீ' என்ற வரியில் 'உடைய' போட்டால் பொருள் குழம்பும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே புகும் ஜீ, முழு வாக்கியத்தையும் தொழிற்பெயராக்குகிறது: 'ஆசிரிய நெறி வழிவழி வராமை நெடுங்காலமாயிற்று'. 'வராமை' என்ற எதிர்மறைத் தொழிற்பெயர் கைவசம் இருக்கும் நமக்கு இது வரப்பிரசாதம், விடாதீர்கள். சோதனை ஒன்றுதான்: ஜீயை எடுத்தபின் முன்னும் பின்னும் சேர்ந்து எழுவாய், பயனிலையாகத் தனித்து நிற்கிறதா? நின்றால் இந்த வகை.

மற்றவை சுருக்கமாக:

– 'ஹ லோவ் ஜீ யோவ்': செயப்படுபொருள் முன்னே வந்ததற்கு அடையாளம். 'என்ன இழிவு இருக்கிறது?' என்று நேராக்கி எழுதுங்கள்.
– பழைய சிந்தனையாளர் ஷுன்சியின் 'யின் வூ ஜாவ் யா ஜீ லீ': மண்புழுவுக்குக் கூரிய நகமும் பல்லும் இல்லை. அடைமொழி பெயருக்குப் பின் வந்தது என்பது பள்ளி இலக்கணம். 'நகம், பல்லின் கூர்மை' என்று ஆறாம் வேற்றுமையாகக் கொள்வதும் பொருந்தும், எனக்கு அதுவே இயல்பாகப் படுகிறது. தாளில் மட்டும் பள்ளி விளக்கத்தையே எழுதுங்கள்.
– மேலே எதிலும் அடங்காமல், பின்னால் வெறும் பெயர்ச்சொல் நின்றால்தான் 'உடைய'. அதைக் கடைசியில் சோதியுங்கள், முதலில் அல்ல.