ஜீவனி மட்டும் கொடுத்த நாள்

"நாளைக்கு யாருக்கோ மருந்து வேல செய்யணும்னு, இன்னைக்கு எனக்கு இல்லங்கிறீங்களா ஐயா?"

மலையகத் தோட்ட டிஸ்பென்சரி யன்னலுக்கு வெளியே நின்று அந்த அக்கா கேட்டது. கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயிற்றோட்டம் பரவியிருந்த நேரம். ஒருவருக்குப் போனது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கவே, கொலராவாக இருந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மல மாதிரி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வரும்வரை காத்திருக்காமல் லயத்தில் எல்லோருக்கும் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கச் சொல்லித் தோட்ட அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்தது. மறுத்துவிட்டேன். நீர் வற்றித் துவண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். மற்றவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமான ஜீவனி, பிள்ளைகளுக்கு சிங்க். அவ்வளவுதான்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1977இல் டான்சானியாவில் கொலரா வந்தபோது, நோயாளிகளுக்கு மட்டுமல்லாமல் தடுப்புக்கென்றும் டெட்ராசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தாராளமாகக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அந்த மருந்துக்கு அடங்கிய கிருமி, சில மாதங்களிலேயே பெரும்பாலும் அடங்காததாகிவிட்டது. 1992இல் சென்னையில் எடுத்த ஓ139 வகைக் கொலராக் கிருமியில் இன்னும் மோசமான ஒன்று தெரிந்தது. சல்ஃபமெதொக்சசோல், ட்ரைமெதோப்ரிம், குளோரம்பெனிகோல், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நான்குக்கும் எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் ஒரே பொட்டலமாக, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாக இருந்தன. அதில் எந்த ஒரு மருந்தைக் கண்டபடி கொடுத்தாலும் நான்கையும் தாங்கும் கிருமிதான் மிஞ்சும். யேமனில் 2016இல் தொடங்கிய கொலராவில், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும் அசித்ரோமைசினையே எதிர்க்கும் கிருமி 2018 அளவில் தலைகாட்டியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு லயம் முழுக்க மாத்திரை அள்ளிக் கொடுக்க என்னால் முடியாது. கொலராவில் உயிரைக் காப்பது தண்ணீரும் உப்பும். 1971இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் டொக்டர் திலீப் மஹாலனாபிஸ் காட்டியது அதைத்தான். அன்டிபயோட்டிக் முக்கியமாகக் கடுமையாக நீர் வற்றியவர்களுக்கு உரியது.

அந்த அக்கா அப்படி வற்றியிருக்கவில்லை. நடந்துதான் வந்தார். ஆகவே நான் செய்தது சரி.

ஆனால் அவர் உயிருக்குப் பயந்து கேட்கவில்லையே. கொலராவாக இருந்தால், சரியான அன்டிபயோட்டிக் வயிற்றோட்டத்தை ஏறக்குறைய ஒன்றரை நாள் குறைக்கும். எனக்கு அது படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்த வரி. அவருக்கு அது ஒன்றரைப் பேர், அதாவது ஒன்றரை நாள் கூலி. மலைக்கு வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. அதை நான் அந்த யன்னலடியில் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்தேன், யோசித்தும் ஜீவனிப் பொட்டலத்தைத்தான் நீட்டினேன். "இத ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சுக் குடிங்க அக்கா" என்றேன். "வெறகு நனைஞ்சு கெடக்கு ஐயா" என்றார்.

மாதிரியில் கொலராக் கிருமியான விப்ரியோ இல்லை என்று பிறகு முடிவு வந்தது. சக ஊழியர் ஒருவர், "பாத்தீங்களா, நீங்க சொன்னதுதான் சரி" என்றார். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அக்கா கேட்டபோது அந்த முடிவு என் கையில் இல்லை. அவர் கேட்டதும் என்ன கிருமி என்பதைப் பற்றியல்ல. லயத்துக்கு மேலே கக்கூஸ் குழி, கீழே தண்ணீர் பிடிக்கும் பீலி. அந்தத் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டு, உலகத்துக்காக மருந்தைச் சேமிக்கும் பொறுப்பையும் அவர் தலையில் வைப்பது நியாயமா? தூரத்து நகரங்களில் சளி, தடிமனுக்கும் அசித்ரோமைசின் வாங்கி விழுங்குபவர்களிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

இப்படி எழுதும்போது, அப்படியானால் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். தோன்றினாலும் கொடுக்க மாட்டேன். எதிர்ப்புள்ள கிருமி முதலில் வந்து நிற்கப்போவதும் அதே பீலியடியில்தான். மருந்து வேலை செய்யாமல்போனால் கண்டிக்கோ கொழும்புக்கோ ஓட அவர்களிடம் காசில்லை. இது என் சமாதானமா, உண்மையான காரணமா என்பது எனக்கே சில நாள் குழம்பும்.

போன மழையில் வேறொரு பெண் அதையே கேட்டார். மாத்திரை இல்லை என்றுதான் சொன்னேன். கூடவே, நோயில் கிடந்த நாட்களுக்கு அரைப் பேராவது போடும்படி அலுவலகத்துக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். போடவில்லை. அதற்குப் பிறகு டான்சானியாக் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.