பாம்பு ரோபோ சீக்கிரம் போயிருந்தால்...

2017 செப்டம்பர் 19, மெக்சிகோ சிட்டி நிலநடுக்கம். இடிந்த அடுக்குமாடி ஒன்றுக்குள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய பாம்பு ரோபோவை இறக்கினார்கள். கை தடிமன்தான் இருக்கும். உடம்பு முழுக்க மூட்டுகள், தலையில் கேமராவும் விளக்கும். ஆள் நுழைய முடியாத சந்தில் நெளிந்து போய்ப் படம் அனுப்பியது. உயிரோடு யாரும் கிடைக்கவில்லை.

அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோபோ அங்கே போய்ச் சேரவே சில நாள் ஆகிவிட்டது. இடிபாட்டில் முதல் இரண்டு மூன்று நாள்தானே உயிர்! 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளிலும் சின்ன ரோபோக்கள் தேடின. அங்கும் சடலங்களின் பாகங்களே கிடைத்தன.

இவை ஆய்வுக்கூடத்தில் இருந்து என்ன பயன்? பெரிய நகரங்களின் தீயணைப்பு நிலையங்களிலேயே, இயக்கத் தெரிந்த ஆட்களோடு, தயாராக இருக்க வேண்டும்.